நீலத் தண்ணீரில் நிறம் மாறாத கற்கண்டு

செங்கம் சாலை,
திருவண்ணாமலை.

பள்ளியில் வேதியியல் நடத்தும் அருமை மைத்துனர் மூர்த்திக்கு, அக்காள் புருஷன் பலராமன் எழுதுவது. அண்ணாமலையார் தயவில் இங்கு எல்லோரும் சுகம். கீழ்பென்னாத்தூரில் நீங்களும் உங்கள் கடலைக் கொல்லையும் செழிப்பாக இருக்க வேண்டும்.

எனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும், எதில் எல்லாம் இனிப்பு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளச் சொல்லி உங்கள் அக்காள் ஜோதியிடம் சோதனைக் குழாயும் நீலத் தண்ணீர் பாட்டிலும் கொடுத்துவிட்டுப் போனீர்களே, அன்றோடு என் வாய்க்குப் பூட்டு விழுந்தது. நான் தின்பதற்கு முன் எதுவானாலும் நீலத்தில் விழுந்து கொதிக்க வேண்டும். செங்கல் நிறம் வந்தால் அதில் சர்க்கரை, எனக்கு இல்லை. வாழைப்பழம் செங்கல். திராட்சை செங்கல். பாலும் செங்கல். பௌர்ணமிக்கு வந்த உறவுக்காரர் கொடுத்த தேன் சிவந்த வேகத்தைப் பார்த்து, "ஐயோ, இது வெசங்க!" என்று ஜோதி அதை வாசலில் கொட்ட, ஊர் எறும்பெல்லாம் எங்கள் வீட்டைச் சுற்றிக் கிரிவலம் வந்தது. நான் வெறுத்துப்போய் அர்ச்சனைத் தட்டிலிருந்த கற்கண்டை எடுத்து நீட்டி, "இதையும் கொதிக்க வெச்சுடு" என்றேன். கொதித்தது, கொதித்தது, நீலம் நீலமாகவே நின்றது. "இதுல சர்க்கரையே இல்லீங்க. சாப்பிடுங்க!" என்றாள். மச்சான், எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

பக்கத்து வீட்டில் பிளஸ் டூ படிக்கும் ஆர்த்தியிடம் ரகசியமாகக் கேட்டேன். "கற்கண்டுல குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கையை இறுக்கிக் கோத்துக்கிட்டு இருக்கும் மாமா. அதான் அந்தத் தண்ணிக்குப் புடிபடல. வயித்துக்குள்ள போனதும் கையை விட்டுடும்" என்றாள்.

"மெதுவா பேசும்மா" என்றேன்.

உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அக்காள் போன் செய்தால் அந்தக் கைகோத்த சமாச்சாரத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள். காலையில் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டு மலையைப் பார்த்து உட்கார்ந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் வேதியியல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
பலராமன்

பி.கு.: தம்பி, அக்கா எழுதறேன். கவரை ஒட்டாம என்கிட்டயே குடுத்து தபால்ல போடச் சொல்லிட்டாரு. கற்கண்டப் பத்தி நீ அன்னிக்கே போன்ல சொன்னத இவருகிட்ட சொல்லிடாத. முன்ன ஜிலேபிய ஒளிஞ்சு ஜாஸ்தியா தின்னுட்டு வருவாரு. இப்ப என்னை ஏமாத்தற சந்தோஷத்துல ஒரு துண்டோட நிக்கிறாரு. சர்க்கரை கம்மியாயிருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாரு. பாட்டில் காலி. பலாப்பழம் வர்றதுக்குள்ள இன்னொண்ணு கொண்டா.