தலையில் படாத அடி

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு, தங்கள் வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்தவன் பணிவோடு எழுதுவது. தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருப்பீர்கள், தங்கள் முழங்கால் வலியும் மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. என் மகள் சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து என் வீட்டில் இருக்கிறாள். காரணம், தங்கள் மகன். மாப்பிள்ளையைக் குறை சொல்லும் இடத்தில் பெண்ணின் அப்பன் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறேன்.

நான் எடை அளவு ஆய்வாளர். தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தத்தைத் தடவியே கண்டுபிடிப்பவன். விடுமுறை நாட்களில் ரக்பிக்கு நடுவர். சனிக்கிழமை இறுதி ஆட்டத்துக்கு வரவேண்டிய நடுவர் படியில் கால் பிசகிப் படுத்துவிட்டதால், மாப்பிள்ளை ஆடுகிற ஆட்டம் எனக்கு வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், இரண்டு அணித் தலைவர்களும் சம்மதித்து விசிலை என் கையில் திணித்துவிட்டார்கள். எதிரணியில் பீரோ என்று ஒருவர். வெல்டிங் பட்டறைக்காரர். ஆளைப் பார்த்தால் பெயர்க் காரணம் புரியும். வயது முப்பத்தெட்டு, அதுதான் கடைசி ஆட்டம். ரக்பியில் ஆளைப் பிடித்துச் சாய்க்கலாம், ஆனால் தலையில் மோதினால் சிவப்பு அட்டை, அதோடு வெளியே போக வேண்டும், மீதி ஆட்டத்தை அந்த அணி பதினைந்துக்குப் பதில் பதினான்கு பேரை வைத்து ஆட வேண்டும். இரண்டாம் பாதியில் பீரோ தோளைக் கொடுத்தார், மாப்பிள்ளை முகத்தைப் பொத்திக்கொண்டு மரம் சாய்கிற மாதிரி சாய்ந்தார், கால் இரண்டு தடவை உதறி அடங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. அட்டையை எடுத்தேன். பீரோ என்னை ஒரு பார்வை பார்த்தார். “சரி சார்” என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். கத்தியிருந்தால்கூட எனக்கு இன்றைக்குத் தூக்கம் வந்திருக்கும்.

டாக்டர் மாப்பிள்ளையைக் கோட்டுக்கு வெளியே உட்கார வைத்து, “இன்னைக்கு என்ன கிழமை?” என்று கேட்டார். “புதன்” என்றார். என் மகள் அலறியடித்துக்கொண்டு ஓடினாள். அவளை நிமிர்ந்து பார்த்து, “சிஸ்டர், கொஞ்சம் தண்ணி குடுங்க” என்றாராம். தாலி கட்டிய பெண்டாட்டியை, சம்பந்தி. அவள் அழுதுகொண்டே தண்ணீர் கொடுத்திருக்கிறாள். அவருக்குப் பதில் மாற்று ஆள் இறங்க, மீதி ஆட்டம் முழுக்க அவர் தலையில் பனிக்கட்டிப் பையோடு உட்கார்ந்திருந்தார். பதினான்கு பேரோடு திணறிய எதிரணி தோற்றது. நான் கடைசி விசில் ஊதினேனோ இல்லையோ, கிழமை தெரியாத மனுஷன் பெஞ்சைத் தாண்டிக் குதித்து ஓடி, கோப்பையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஆடினார். என் மகள் காலித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள்.

அப்புறம் யாரோ செல்போனில் எடுத்த வீடியோ வந்தது. பதினோரு தடவை பார்த்தேன். பீரோவின் தோள் மாப்பிள்ளையின் மார்பில்தான் படுகிறது. தோளுக்கும் தலைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையிடம் நேரிலேயே போய்க் கேட்டேன்.

“மாமா, ஆட்டத்துல இதெல்லாம் சகஜம்.”

“தலையில அடி பட்டுச்சா, படலையா?”

“நான் பட்டுச்சுன்னு சொன்னேனா? விழுந்தேன். அட்டையை எடுத்தது நீங்க.”

“பொண்டாட்டியைத் தெரியலைன்னீங்களே?”

“டாக்டர் பக்கத்துலயே நின்னாரு மாமா. பாதியில விட முடியுமா?”

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். “ஆட்டத்துக்கு நடிச்சா நடிச்சுட்டுப் போகட்டும்ப்பா. நான் அழுதப்ப கண்ணையாவது சிமிட்டியிருக்கலாம்ல” என்றாள்.

அதுதான் கடைசி ஆட்டம் என்றாலும் பீரோவுக்கு ஆறு வாரத் தடை போடப்போகிறார்களாம். அவர் ஒரு பாவமும் அறியாதவர், தவறு முழுவதும் என்னுடையதும் என் மாப்பிள்ளையுடையதும் என்று விசாரணைக் குழுவுக்குக் கடிதம் எழுதி உறையில் போட்டுவிட்டேன். மாப்பிள்ளையைத் தாங்கள் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டும். பெற்றவர் சொன்னால் கேட்பார். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். தங்கள் குடும்பத்தில் எல்லோரும் நீடூழி வாழவேண்டும். ‘ஒருவர் தவிர’ என்று எழுதி, அடித்துவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பி.கு.: இதையும் குழுவுக்கான கடிதத்தையும் தபாலில் சேர்க்கக் கிளம்பும்போது பீரோ வந்தார். அவரைக் காப்பாற்றக் கடிதம் எழுதியிருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். வாசலிலேயே நின்று பிடரியைச் சொறிந்தார்.

“அனுப்பிட்டீங்களா சார்?”

“இல்ல, இப்பத்தான் போறேன்.”

“வேண்டாம் சார். முதல் பாதியில எல்லாரும் குவியலா விழுந்து கிடந்தோமே, அப்ப உங்க மாப்பிள்ளையோட இடது கையைக் கடிச்சுட்டேன். நல்லாவே கடிச்சேன். நீங்க அந்தப் பக்கம் நின்னீங்க. பாவமறியாதவன்னு எழுதினா எனக்குச் சங்கடமா இருக்கும்.”

என் மகள் உள்ளேயிருந்து வந்து, “கடிச்சதை ஏங்க அவர் சொல்லவே இல்ல?” என்று கேட்டாள்.

“நிஜமா வலிச்சா யாரும் படுத்துக் கிடக்க மாட்டாங்கம்மா. எழுந்து ஓடிடுவாங்க” என்றார் அவர்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் பந்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? குழுவுக்குப் புதுக் கடிதம் எழுதப் போகிறேன். அதில் குற்றவாளிகள் மூன்று பேர், முதலில் நடுவர். ஆகையால் தாங்கள் மாப்பிள்ளையை இப்போதைக்குக் கண்டிக்க வேண்டாம். மனிதப் பல் பட்ட புண் சீக்கிரம் சீழ் பிடிக்கும், டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். ஆறியபின் கண்டிக்கலாம்.