பூஜ்யம் எட்டிய பிரிவு

பொதுநலன் கருதி, எங்கள் ஆஸ்பத்திரியில் ஃப்ரீ ரேடிக்கல்கள் தடை செய்யப்பட்டன. இந்த வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவை எடுத்தவர் எங்கள் இயக்குநர். இளமையைக் காப்பது பற்றிய மாநாட்டுக்குப் போனவர், ஊதா நிற மாத்திரை டப்பாக்களோடும் ஒரு புதுப் பகையோடும் திரும்பினார். உடம்புக்குள் ஃப்ரீ ரேடிக்கல் என்ற அடங்காப்பிடாரித் துகள்கள் திரிகின்றனவாம். தனக்கு ஒரு எலக்ட்ரான் குறைகிறது என்று பக்கத்தில் இருப்பதிடம் பிடுங்குமாம். இதய நோய், புற்றுநோய், முகச்சுருக்கம் எல்லாவற்றிலும் அவற்றுக்குப் பங்குண்டாம். அவற்றை ஒடுக்கத்தான் அந்த ஊதா மாத்திரையாம்.

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. ஓடியாடினால் அந்தத் துகள்கள் கூடும் என்பதால் மாடிப்படி பூட்டப்பட்டது. லிஃப்ட் பழுது என்பது வேறு பிரிவின் விவகாரம். ஊழியர்கள் தேவைக்கு மேல் மூச்சு விடக் கூடாது. தேவை எவ்வளவு என்பதை மேலதிகாரி முடிவு செய்வார். பூஜ்ய அளவை எட்டும் பிரிவுக்குக் கேடயம் வழங்கப்படும்.

அளந்து சொல்லும் பொறுப்பு லேப் டாக்டரம்மா தலையில் விழுந்தது. பாவம், அவருடைய கணவரும் இப்போதுதான் பேசப் பழகும் மகளும் வேறு ஊரில் இருந்தார்கள். அந்த ஊருக்கான இடமாற்ற உத்தரவு இயக்குநர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது.

"பூஜ்யம்னு ரிப்போர்ட் வரட்டும்மா. அன்னிக்கே கையெழுத்து போடறேன்," என்றார் இயக்குநர்.

"பூஜ்யம் ஆகாது சார். மூச்சு விட்டாலே அது உண்டாகும். அளவு மீறினாதான் கெடுதல். அளவோட இருந்தா உடம்புக்கு வேலை செய்யும்."

"என்ன பெரிய வேலை?"

"உங்க கால் கட்டைவிரல்ல புண் இருக்கே சார், அங்க வர்ற கிருமியை வெள்ளையணு இதையும் வச்சுத்தான் கொல்லுது."

இயக்குநரின் முகம் சிவந்தது. "யாரைக் கேட்டுக் கொல்லுது?"

"சார்?"

"என் கால்ல, எனக்கே தெரியாம, தடை செஞ்ச பொருளை வச்சுக் கொலையா? முறையா அனுமதி குடுத்துடுவோம். ஆபீஸ் நேரத்துல மட்டும் கொல்லட்டும். ஞாயிறு லீவு."

ஆணை பிறந்தது. கிருமிகளுக்கு நகல் அனுப்ப மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. திங்கட்கிழமை இயக்குநரின் விரல் தக்காளி மாதிரி வீங்கியிருந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஊதா மாத்திரையை இரட்டிப்பாக்கினார்.

ஊழியர்கள் நாங்கள் கேன்டீனில் வயிறு குலுங்கச் சிரித்தோம். சிரித்து முடித்துவிட்டு மாத்திரை வாங்க வரிசையில் நின்றோம். சும்மா தருவதை எதற்கு விடுவது?

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. அன்று போனில் மகள் அவரை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டுவிட்டாள். அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து ரிப்போர்ட் எழுதினார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

"பிரிவு: பிணவறை. மூச்சு: இல்லை. உடம்பின் சொந்த உற்பத்தி: பூஜ்யம்."

இயக்குநர் கடைசி வார்த்தையைப் படித்ததும் துள்ளி எழுந்தார். விரல் அவரை மறுபடி உட்கார வைத்தது.

விழாவில் பிணவறைக் காவலாளி கேடயத்தை வாங்கிக்கொண்டு திருதிருவென்று விழித்தார். "மாத்திரைகூடப் போடாம சாதிச்சிருக்காங்க! லீவு கேக்கல, புகார் சொல்லல," என்று மேடையில் இயக்குநர் தழுதழுத்தார்.

டாக்டரம்மா உத்தரவுக்காகக் கை நீட்டினார்.

"இடமாற்றமா? அதைக் கிழிச்சுப் போட்டாச்சும்மா. இவ்வளவு திறமைசாலியை விட முடியுமா? இந்த வருஷத்துக்குள்ள எங்க எல்லாரையும் அந்த நிலைமைக்கு நீங்கதான் கொண்டு வரணும்!"

நாங்கள் அனைவரும் எழுந்து நின்று கைதட்டினோம். மூச்சு வாங்கிவிடக் கூடாதே என்று, மெதுவாக.