கார் வேண்டாம், மச்சான்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன், பள்ளிக்கூடத்து பாய்லர்க்காரன், வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகும் அந்த விருப்பத்தில் மாற்றமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"ஐம்பத்தாறு வயதில், பனிக்காலத்தில், மோட்டார் சைக்கிளா? மாப்பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?" என்று கேட்டிருந்தீர்கள். சரி, கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கூடவே உங்கள் பழைய காரைத் தருவதாகவும், "எடுத்துக்கொள்ளட்டும், பாவம்" என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் அந்தக் காரில் ஏறமாட்டேன். நடந்து போனாலும் போவேன்.

என் நிலைமை உங்களுக்கு முழுதாகத் தெரியாது. ஐந்தரை மணிக்கு வந்துகொண்டிருந்த முதல் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அடுத்த பஸ்ஸில் போனால் பள்ளிக்கூடம் சேர ஏழு ஆகிறது. ஆறு மணிக்கு பாய்லரை மூட்டினால்தான் எட்டு மணிக்கு வகுப்பறைக் குழாய்களில் சூடு ஏறும். மூன்று நாள் தொடர்ந்து தாமதமானது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கையுறையைக் கழற்றாமலே கணக்குப் போட்டார்களாம்; எல்லாம் தப்பாம்; அந்தப் பழியும் என் தலையில். தலைமையாசிரியை அம்மா பதினோரு வருடத்தில் முதல்முறையாக பாய்லர் அறைக்குப் படியிறங்கி வந்து, என்னைப் பார்க்காமல் பாய்லரைப் பார்த்து, "இதுக்கு டைமர் வெச்ச மெஷின் வந்திருக்காமே, தானா எரியுமாமே? இன்னும் ஒரு நாள் லேட்டானா அதையே வாங்கிடலாம்னு இருக்கோம்" என்றார். மச்சான், ஒரு கடிகாரம் என் வேலையைக் கேட்கிறது! முப்பது வருடம் அந்தத் தீயோடு குடும்பம் நடத்தியவன் நான். விடுவேனா?

அன்று மாலையே வண்டி பார்க்கப் புறப்பட்டேன். உங்கள் தங்கை கேட்காமலே கூட வந்தாள். முதல் கடையில் பனி, சேறு, மலை எதிலும் போகும் என்று ஒரு உயரமான வண்டியைக் காட்டினார்கள். ஏறிவிட்டேன். ஏறியதில் ஒரு குறையும் இல்லை. விற்பனையாளர், "சார், காலைக் கீழே வைங்க" என்றார். "கீழேயைத்தான்யா தேடிக்கிட்டிருக்கேன்" என்றேன். இரண்டாவது கடையில் இருந்தது குப்புறப் படுத்து ஓட்டுகிற வண்டி. படுத்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது, இரண்டு மெக்கானிக்குகள் வந்து என்னை அதிலிருந்து பிரித்தெடுத்தார்கள். உங்கள் தங்கை அவர்களிடம், "இவரு படுத்துக்கணும்னா வீட்லயே படுத்துக்குவாரே" என்று விளக்கம் வேறு சொன்னாள்.

மூன்றாவது கடையில்தான் நான் எனக்கேற்ற வண்டியைக் கண்டுபிடித்தேன். சிறியது, தாழ்வானது, பார்க்க ஒரு பந்தாவும் இல்லாதது. அங்கே உங்கள் தங்கை வாயை மூடவில்லை. "ரோட்ல உப்பு போடுவாங்களே, செயினுக்கு முழு மூடி இருக்கா? குளிர்ல பேட்டரி செத்துட்டா உதைச்சு ஸ்டார்ட் பண்ண முடியுமா? ஐஸ் மேல பிரேக் பிடிச்சா சக்கரம் இழுத்துட்டுப் போகுமா?" கடைக்காரர் என்னை விட்டுவிட்டு அவளிடமே பேச ஆரம்பித்துவிட்டார். எனக்கு உயரம் சரியா என்று பார்க்கிறேன் பேர்வழி என்று அவளே ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் அழுத்தமாக ஊன்றி, "இது போதும்" என்றாள். என் உயரத்தை அவள் காலால் அளப்பானேன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும்.

பிறகு பயிற்சிப் பள்ளி. துணைக்கு வந்தவள், "சும்மா உக்காந்தா குளிருதுங்க" என்று தானும் ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றினாள். சுற்றட்டும், உடம்புக்கு நல்லது என்று விட்டுவிட்டேன். தேர்வில் எட்டுப் போடச் சொன்னார்கள். நான் போட்டதும் எட்டுதான். என்ன, கொஞ்சம் தாராள மனதோடு போட்ட எட்டு. ஒரு வளையம் மைதானத்திலும் மறு வளையம் பக்கத்து வீட்டு முட்டைக்கோஸ் பாத்தியிலும் விழுந்தது. எது எப்படியோ, நம் வீட்டுக்குள் ஓட்டுநர் உரிமம் வந்துவிட்டது. அதற்குமேல் விளக்கம் எதற்கு?

புகை விஷயம் உங்கள் காதுக்கு வந்திருக்கும். யாரோ வண்டி பற்றி எரிந்தது என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். நடந்ததைச் சொல்கிறேன். உறைபனி விழும் என்று வானொலியில் சொன்னதும், இஞ்சினுக்குக் குளிரக்கூடாதே என்று, பாய்லர் குழாய்க்குச் சுற்றுகிற மாதிரியே பஞ்சுப் பட்டை சுற்றி, மேலே சாக்கு வைத்து, கம்பி போட்டு இறுக்கினேன். அருமையான வேலை. காலையில் அதை அவிழ்க்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. முப்பது வருடத்தில் நான் குழாய்க்குச் சுற்றிய எதையும் அவிழ்த்ததில்லை, மச்சான், சுற்றினால் சுற்றினதுதான். கடைத்தெரு முனையைத் தாண்டும்போது கால்களுக்கு நடுவிலிருந்து புகை கிளம்பியது. பால் வண்டிக்காரர், "ஐயா, வண்டி வேகுதுய்யா!" என்று கத்தினார். இறங்கி, இரண்டு கை பனியை அள்ளிப் போட்டு அணைத்துவிட்டு, அன்றும் ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன்.

ஆகவே தெரிந்துகொள்ளுங்கள். முப்பத்தொரு நாளாக நான் ஒரு நாள்கூடத் தாமதமில்லை. பனியென்ன, ஆலங்கட்டி மழையென்ன, நான் வண்டியை எடுத்தால் எடுத்ததுதான். டைமர் பேச்சு அடங்கிவிட்டது. தலைமையாசிரியை அம்மா என்னைப் பார்த்தே பேசுகிறார். எவர் தயவும் இல்லாமல், எவர் பாவமும் இல்லாமல், தன் கையே தனக்குதவி என்று போய்வருகிறேன். உங்கள் கார் உங்கள் கொட்டகையிலேயே நீடூழி வாழட்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் முழங்கால் வலி குறையவும், அறிவுரை குறையவும் வேண்டிக்கொள்ளும்,

அன்புள்ள
மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உங்கள் தங்கை கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். "எங்க அண்ணன்கிட்ட ஏங்க இப்படிப் புளுகறீங்க?" என்கிறாள். ஆகவே, மேலே வண்டி ஓடுகிற இடங்களில் 'நான்' என்று இருப்பதையெல்லாம் 'உங்கள் தங்கை' என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும். உரிமம் அவள் பேரில்தான் வந்தது. என் எட்டை அவர்கள் எட்டாக ஏற்றுக்கொள்ளவில்லை. பால் வண்டிக்காரர் கத்தியதும் 'ஐயா' அல்ல, 'அம்மா'. சுற்றியது மட்டும் நான்.

காலையில் என்னைக் கொண்டுவிட்டுத் திரும்புகிறாள். மாலையில் மறுபடி வந்து அழைத்துப்போகிறாள். முன்னால் அவள் இருப்பதால் காற்று என்மேல் படுவதே இல்லை. அத்தனையையும் அவளே வாங்கிக்கொள்கிறாள். நேற்று வந்து நின்றதும் அவள் விரல்கள் பிடியிலிருந்து பிரியவில்லை. பாய்லரை மூட்டி, பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கைகளை என் கைக்குள் வைத்துத் தேய்த்தேன். "டைமர் இதைச் செய்யுமா?" என்று கேட்டேன். "பேசாம தேய்ங்க" என்றாள்.

உங்கள் பீரோவில் அந்தத் தோல் கோட்டு சும்மாதானே தொங்குகிறது? அவளுக்குக் கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருக்கும். பரவாயில்லை, பின்னாலிருந்து நான் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். அதை மட்டும் உடனே அனுப்பிவையுங்கள். கார் வேண்டாம்.