கதவு எந்தப் பக்கம்?

கடைவீதிக்குப் பொதுக் கழிப்பறை ஒன்று வேண்டும் என்பதில் எங்கள் ஊரில் இரண்டாவது கருத்தே கிடையாது. பல வருஷமாக எல்லாரும் ஒரே கருத்தாக இருந்ததால்தான் அது கட்டப்படாமலே இருந்தது. யாராவது எதிர்த்திருந்தால் வீம்புக்காகவாவது கட்டியிருப்பார்கள்.

இந்த நிம்மதியைக் குலைத்தவர் தையல்கார அக்கா. காலையில் கடை ஷட்டரைத் தூக்கினால் இருட்டும் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். குடித்தால் போக இடம் இல்லை. கடைசியில் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து, எதிர்சாரியில் இருந்த டாக்டரிடம் போனார்.

"தண்ணி நல்லா குடிங்கம்மா" என்றார் டாக்டர்.

"குடிச்சுட்டு?" என்றார் அக்கா.

அதற்கு மருத்துவத்தில் பதில் இல்லை. அக்கா நகரசபைக்கு மனு எழுதினார்.

நகரசபை மேற்படி மனுவை மிகுந்த பரிவுடன் பரிசீலித்து, கொள்கை அளவில் ஏற்றுக்கொண்டது. கொள்கை அளவில் எத்தனை கழிப்பறை வேண்டுமானாலும் கட்டலாம், இடம் அடைக்காது. ஆனால் இந்த முறை இடமும் இருந்தது. நாலு ரோடு கூடும் இடத்தில், நகரசபைக்கே சொந்தமான சதுர மனை. தலைவர் பெயர் பொறித்த திறப்பு விழாக் கல்லும் தயாராகிவிட்டது. பாக்கி ஒன்றே ஒன்றுதான்: கதவை எந்தப் பக்கம் வைப்பது? அதற்காகப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கூடியது.

முதலில் எழுந்தவர் பேக்கரிக்காரர்.

"கழிப்பறை கண்டிப்பா வேணும். அதுல மாற்றமே இல்ல. ஆனா கிழக்குப் பக்கம் என் கடை. கண்ணாடிக்குள்ள கேக் இருக்கு. ஒருத்தர் அங்கிருந்து கேக்கைப் பார்த்துக்கிட்டே வெளிய வந்தா நல்லாவா இருக்கும்?"

"யாருக்கு?" என்று கேட்டார், வரைபடத்தோடு உட்கார்ந்திருந்த நகரசபைப் பொறியாளர்.

"கேக்குக்குத்தான்."

பொறியாளர் வரைபடத்தில் கிழக்குப் பக்கத்தை அடைத்தார்.

அடுத்து டாக்டர். "சுகாதாரம்னா முதல் கை தூக்கறவன் நான். ஆனா வடக்குல என் கிளினிக். காத்திருக்கறவங்க எல்லாம் எழுந்து அங்க போயிட்டா டோக்கன் வரிசை என்ன ஆகறது?"

வடக்கும் அடைபட்டது.

மேற்கே நகரசபைக் கட்டடம். அதற்குத் தலைவரே பேசினார். "அலுவலகத்துக்குன்னு ஒரு கண்ணியம் இருக்கு. மக்கள் அவசரத்துல வருவாங்க. எதுக்குள்ள நுழையறோம்னு குழப்பம் வரக்கூடாது பாருங்க."

"தெற்குதான் பாக்கி. அங்க என்ன இருக்கு?" என்றார் பொறியாளர்.

"தையல் கடை" என்று பத்துக் குரல்கள் ஒரே நேரத்தில் சொல்லின. கூட்டம் முழுக்க அக்காவைத் திரும்பிப் பார்த்தது.

சரி என்று சொல்லத்தான் அக்கா எழுந்தார். எழுந்து நிற்பதற்குள் கடை வாசல் கண் முன்னால் வந்தது. அளவு கொடுக்க வந்த பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே வரிசையாக ஆண்கள் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக்கொண்டே வெளியே வருகிறார்கள்.

"எனக்கு ஆட்சேபம் ஒண்ணும் இல்லைங்க..."

"ஆனா?" என்று ஆவலாக எடுத்துக் கொடுத்தார் பேக்கரிக்காரர்.

"ஆனா... பொம்பளைங்க வந்து போற இடம். கொஞ்சம் தள்ளி இருந்தா தேவல."

"எவ்வளவு தள்ளி?"

"கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு."

சபை நிம்மதியாக மூச்சு விட்டது. மனுதாரரே சொல்லிவிட்டார்! தெற்கும் அடைபட்டது.

ஓர் உறுப்பினர், கதவைக் கூரையில் வைத்தால் ஆட்சேபிக்க ஆள் இருக்காது என்றார். ஏணிக்குத் தனி அனுமதி வேண்டும் என்றார் பொறியாளர். அந்த அனுமதியைக் கொடுக்கும் அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார்.

அப்போதுதான் தலைவரின் மருமகன் எழுந்தார். வெளியூரில் கட்டடக்கலை படித்து, வட்டக் கண்ணாடியோடு திரும்பியவர்.

"கதவுங்கறதே பழைய சிந்தனை. இப்ப ஃபேஷன் என்னன்னா, சுத்தமான கோடு. தடங்கல் இல்லாத சுவர். பார்க்கறவங்க மனசே உள்ள போயிடணும்."

"மனசு போயிடும் தம்பி. ஆள்?" என்றார் பொறியாளர்.

"அது பயன்பாட்டுக் கட்டம். இது வடிவமைப்புக் கட்டம்."

பொறியாளருக்கு ஓய்வு பெற ஆறு மாதம்தான் இருந்தது. உட்கார்ந்துவிட்டார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அக்காவும் கை தூக்கினார். தூக்காமல் இருந்தால் தெற்குப் பேச்சு மறுபடி கிளம்புமோ என்ற பயம்.

மூன்றே மாதத்தில் கட்டடம் எழுந்தது. உள்ளே பளிங்குத் தரை, வாசம் வீசும் சோப்பு, தானாகத் தண்ணீர் விடும் குழாய் என்று ஒரு குறையும் இல்லை. அவற்றை உள்ளே வைத்துவிட்டுத்தான் கடைசிச் சுவரை எழுப்பினார்கள். திறப்பு விழாவில் ரிப்பனைக் கட்ட வாசல் இல்லாததால் கட்டடத்தைச் சுற்றியே கட்டினார்கள். பரிசுப் பொட்டலம் மாதிரி அழகாகத்தான் இருந்தது. தலைவர் வெட்டினார். முன்வரிசையில் அக்காவுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

அந்த ஆண்டு அறிக்கையில், துர்நாற்றம் இல்லை, தரையில் ஈரம் இல்லை, புகார் ஒன்றுகூட இல்லை என்று பதிவாயிற்று. மிகத் தூய்மையான கழிப்பறைக்கான விருது தேடி வந்தது.

அதற்காக யாருக்கும் பயன்படவில்லை என்று சொன்னால் அபாண்டம். விருது வந்த வாரமே ஆண்கள் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். வெளிப்பக்கமாக. தடங்கல் இல்லாத சுவர் அல்லவா! அதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. தன் வாசலைப் பார்த்த சுவருக்கு யாரும் போவதில்லை. அடுத்தவர் பக்கத்துச் சுவராகப் பார்த்துப் போனார்கள்.

ஒரு சாயங்காலம், அக்காவின் வீட்டுக்காரர் கட்டடத்தின் மேற்குப் பக்கத்திலிருந்து கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"நல்ல வசதி. நீ மனு போட்டதுக்கு ஊரே உன்னை வாழ்த்துது."

"நம்ம பக்கச் சுவர்ல நிக்கிறது யாரு?"

"பேக்கரிக்காரர். தங்கமான மனுஷன்."

அக்கா மிஷினை நிறுத்தினார். "சரி. பொம்பளைங்க நாங்க எங்க போறது?"

வீட்டுக்காரர் நியாயமான மனிதர். நின்று நன்றாக யோசித்தார்.

"அதுக்குத் தனியா ஒரு மனு போடு" என்றார். "ஆனா நம்ம பக்கம் வேண்டாம்னு முதல் வரியிலயே எழுதிடு."