ஆறு யூனிட் போதும்

கண்ணளவுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. தேனியிலிருந்து கம்பம் வரை எந்த ஊரில் யார் ஜல்லி இறக்கினாலும், அழைக்காமலே அங்கே வந்து நிற்பார். டேப்பைத் தொடமாட்டார். தொட்டால் மரியாதை என்னாவது? இடுப்பில் கை வைத்து, மோவாயை உயர்த்தி, ஒரு கண்ணை மூடி, நாலு எட்டு நடந்து, செருப்பு நுனியால் மண்ணைக் கீறி, நீங்கள் மூச்சை அடக்கிக் காத்திருப்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே ஓர் எண்ணை உதிர்ப்பார். அந்த எண்ணில் தயக்கம் இருக்காது. உண்மையும் இருக்காது.

மார்க்கையன்கோட்டைப் பிச்சைமணி இந்த இனத்தின் உச்சம். 2004 புரட்டாசியில் அவரிடம் சிக்கியவர் பொன்னாத்தாள். கணவர் இறந்தபின் ஒன்றரை ஏக்கர் திராட்சையை ஒற்றை ஆளாகக் காப்பாற்றி வந்தவர். தார்ச்சாலையிலிருந்து தோட்டத்துக்குப் போகும் வண்டிப்பாதை முழுக்கக் கரிசல். மழை பெய்தால் களி. ஐப்பசி அறுப்புக்குள் அதில் அரையடி கனத்துக்கு ஜல்லி பரப்பிவிட வேண்டும் என்று துடித்தார்.

“டேப்பு வச்சு அளந்துருவமாண்ணே?”

“எதுக்கு ஆத்தா டேப்பு? பாலம் கட்ட வந்த இஞ்சினியரே என்னையக் கேட்டுத்தான் எழுதிட்டுப் போனாக. ஆறு யூனிட் போதும். அதுலயும் நாலு சட்டி மிஞ்சும், பாரு.”

ஒரு யூனிட் என்றால் நூறு கன அடி. ஆறு யூனிட் வந்து இறங்கியது. பரப்பினார்கள். பாதி தூரம் போகுமுன்பே ஜல்லி தீர்ந்தது. நீங்களும் நானுமாக இருந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்போம். பிச்சைமணியா அசருவார்?

“ஏலே, யாருடா இம்புட்டுக் கனமாப் போட்டது? இழுத்துப் பரத்துங்கடா!”

இழுத்தார்கள். தோசை மாவைப்போல இழுத்தார்கள். பாதை பார்க்க அழகாக இருந்தது.

ஐப்பசி மழைக்கு நடுவே கம்பம்மெட்டு இறங்கி வந்தது கேரளத்து லாரி. காலியாக உள்ளே போனபோது பாதை தாங்கியது. திராட்சைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது நடுவழியில் பின்சக்கரம் அச்சுவரை இறங்கியது. டிரைவர் குதித்து இறங்கி, “எந்தா சேச்சி, இது ரோடோ வயலோ?” என்றார். டிராக்டர் வந்து இழுப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. அடிப்பெட்டிகள் நசுங்கிச் சாறு ஒழுகியது. லாரியோடு வந்திருந்த வியாபாரி பாதிப் பெட்டிகளை வேண்டாமென்று இறக்கி வைத்துவிட்டுப் போனார். ஒரு வருட உழைப்பில் ஈ மொய்ப்பதைப் பார்த்தபடி பொன்னாத்தாள் மழையில் நின்றார். அழவில்லை. அழுகிற கட்டத்தைக் கோபம் தாண்டியிருந்தது.

பிச்சைமணியோ டீக்கடையில் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தார். டிரைவருக்கு ஓட்டத் தெரியவில்லையாம். ஜல்லி மட்டமாம். மழைகூட அளவு மீறிப் பெய்துவிட்டதாம்.

மழை விட்டதும் பொன்னாத்தாள் சின்னமனூரில் ஒரு டேப் வாங்கி வந்து, டீக்கடையிலிருந்த பிச்சைமணியைப் பத்துப் பேர் பார்க்கப் பாதைக்குக் கூப்பிட்டார்.

“இங்கன வாங்கண்ணே. இந்த முனையைப் புடிங்க.”

பிடித்தார். வேறு வழி? நீளம் முந்நூறு அடி, அகலம் பத்து. பழப்பெட்டிப் பலகையில் கரியால் பெருக்கினார் பொன்னாத்தாள். “மூவாயிரம். கனம் அரையடி, அதனால அதுல பாதி, ஆயிரத்து ஐநூறு. பதினஞ்சு யூனிட்டுண்ணே. அமுங்குறதுக்கு மூணு சேத்தா பதினெட்டு. நீங்க சொன்னது ஆறு.”

பிச்சைமணி டேப்பை மெல்லக் கீழே வைத்தார். “பதினஞ்சுன்னு அப்பவே மனசுல பட்டுச்சு ஆத்தா. பொம்பளை ஒத்தையில தாங்குவியான்னுதான் கொறச்சுச் சொன்னேன்.”

“உங்க மனசுல பட்டது லாரிக்குத் தெரியலையேண்ணே.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பதினெட்டு யூனிட் இறங்கியது, ரோலர் ஓடியது. அடுத்த அறுப்புக்கு லாரி பந்தல் ஓரம்வரை போய், பாரத்தோடு சாலை ஏறியது. பிச்சைமணி திருந்தினாரா? டேப் பிடித்த அந்த வாரமே பண்ணைப்புரத்தில் யாருடைய கிணற்றையோ எட்டிப் பார்த்து, “நாப்பது அடி” என்றிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் அறை எத்தனை சதுர அடி?

பார்த்தீர்களா, எழுந்திருக்காமலே ஒரு கணக்குச் சொல்லிவிட்டீர்கள்.