எதிரியாக உட்கார்ந்த வெள்ளைத்தாய்

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவதாகக் கண்ணபிரான் போன் செய்தார். "ஒரு முக்கியமான விஷயம் மாப்ள. நேர்ல பேசணும்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

என்ன விஷயம் என்று மாயகிருஷ்ணனுக்குத் தெரியும். மனைவி வெள்ளைத்தாயின் அண்ணனான அவர், தன் மகன் சுடலைமணிக்கு இவர் மகள் உமாதேவியைப் பெண் கேட்கத்தான் இடைசெவலில் இருந்து நாகலாபுரம் வருகிறார். பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போதே இரண்டு வீட்டிலும் பேசி வைத்த பேச்சு அது.

உமாதேவி கோவில்பட்டியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். "அத்தான் எனக்குக் கூடப்பிறந்தவன் மாதிரி. கட்டிக்கிட மாட்டேன். மாமாகிட்ட நீங்களே சொல்லிருங்கப்பா" என்று சொல்லியிருந்தாள். அவரும் சரி என்றிருந்தார்.

சொல்லிவிடலாம். மச்சானுடைய உறவு போகக் கூடாதே. அதுதான் கஷ்டம்.

மாயகிருஷ்ணன் பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர். அங்கே ஒரு நடவடிக்கைக்கு முன்னால் அதிகாரிகள் இரண்டு மூன்று திட்டம் போடுவார்கள். ஒருத்தரை எதிரியாக உட்கார வைத்து ஒவ்வொன்றாக மோதவிட்டுப் பார்ப்பார்கள். எது கடைசிவரை தாக்குப்பிடிக்கிறதோ அதைத்தான் களத்துக்குக் கொண்டு போவார்கள்.

"வெள்ளைத்தாயி, இங்கன வந்து உக்காரு. இப்ப நீதான் ஒங்கண்ணன்."

"எனக்கு உளுந்து காயப் போடணும்."

"அவிய என்ன பேசுவாவன்னு ஒன்னைய விட யாருக்குத் தெரியும்? புருசனாச்சேன்னு விட்டுக்குடுக்கக் கூடாது. நெசமாவே எதிரியா இருக்கணும்."

வெள்ளைத்தாய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அண்ணன் செய்வது போலவே ஒரு காலை மடக்கி மேலே வைத்துக்கொண்டாள்.

"மச்சான், ஜாதகம் பொருந்தல."

"என் தங்கச்சிய ஒங்களுக்குக் குடுக்கையில ஜாதகமா பாத்தோம் மாப்ள?"

முதல் திட்டம் போயிற்று.

"சொந்தத்துல கட்டுனா பிள்ளைகளுக்கு ஆகாதுன்னு டாக்டர்மாரு சொல்லுதாவ."

"நீங்க மாமன் மகளத்தான கட்டுனீங்க. உமாவுக்கு என்ன கொறை?"

"மேல படிக்கணும்னு ஆசப்படுதா."

"படிக்கட்டும். எம் மருமவ படிச்சா எனக்குத்தான பெருமை."

மாயகிருஷ்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உண்மையைச் சொல்வது ஒன்றுதான் பாக்கி.

"பிள்ளைக்குப் பிடிக்கல மச்சான்."

வெள்ளைத்தாய் மடக்கிய காலைக் கீழே இறக்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நீங்க பார்டர்ல கெடந்த வருசமெல்லாம் ஒங்க கரிசல்ல விதைச்சது யாரு? மழை பேஞ்ச மறுநா என் நிலத்த அப்படியே போட்டுட்டு ஒங்க நிலத்துக்குல்லா வந்தேன். அன்னைக்கு எனக்குப் பிடிக்கலன்னு சொன்னேனா?"

எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். மாயகிருஷ்ணன் பின்னாலேயே போனார்.

"நல்லாத்தான் பேசுன. பாதியில எந்திரிச்சு வந்துட்டா எப்படி?"

"அண்ணன் சொல்லுததுல என்ன தப்பு? உமாவ அங்கயே குடுத்துருவோம்."

"ஏட்டி, நீ எதிரியாத்தான உக்காந்த."

"அங்கன உக்காந்தாத்தான தெரியுது."

இருந்த ஒரே துணையும் எதிர்ப்பக்கம் போய்விட்டது. அவளைத் திருப்பிக் கொண்டுவர ஒரு வழி தோன்றியது. மறுநாள் சாயங்காலம் நாற்காலியை மாற்றிப் போட்டார்.

"இன்னைக்கு நான் ஒங்கண்ணன். நீ என் எடத்துல இருந்து மறுத்துப் பேசு."

"பிள்ளைக்குப் பிடிக்கலயாம் மச்சான்" என்றாள் அவள், வேண்டாவெறுப்பாக.

எதிரியாக உட்கார்ந்தவன் இரக்கம் பார்க்கக் கூடாது என்பது பட்டாளத்தில் படித்த பாடம். மாயகிருஷ்ணன் ஒன்று விடாமல் எடுத்து வைத்தார். "ஒங்க அம்மா செத்தப்போ பனி விழுந்து ரோடு அடைச்சுக்கிடுச்சு, வர முடியலன்னீங்க. அவிய மகனா நின்னு எல்லாக் காரியமும் பாத்தது யாரு? மொட்டை போட்டது யாரு?"

சொல்லிவிட்டு வேட்டி நுனியால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

வேலை முடிந்து வந்த உமாதேவி, அப்பாவும் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து அழுவதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யாருக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. மாமா ரொம்ப நல்லவிய" என்றார் மாயகிருஷ்ணன்.

"அது தெரியும். நாளைக்குச் சொல்லிருவீங்கள்லா?"

"சொல்லிருதேன்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஞாயிற்றுக்கிழமை கண்ணபிரானும் சுடலைமணியும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். கண்ணபிரான் ஒரு செம்புத் தண்ணீரை முழுவதும் குடித்தார். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். மறுபடி எடுத்து மடியில் வைத்தார்.

"மாப்ள, இத எப்படிச் சொல்லுததுன்னு எனக்குத் தெரியல. ஒங்க மனசு சங்கடப்படக் கூடாது..."

தனக்காக மொட்டை போட்ட மனிதர் தன் முன்னால் வார்த்தைக்குத் தவிப்பதை மாயகிருஷ்ணனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"நீங்க வாய் விட்டுக் கேக்கணுமா மச்சான்? உமா ஒங்க வீட்டுப் பிள்ளை. நாள் மட்டும் சொல்லுங்க."

வெள்ளைத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். காபி கொண்டுவந்த உமாதேவி, தட்டோடு அப்பாவையே பார்த்தபடி நின்றாள். கண்ணபிரான் மகன் பக்கம் திரும்பினார்.

சுடலைமணி சொன்னான்: "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்னு சொல்லத்தான் வந்தோம் மாமா, வர்ற வழியில எட்டயபுரம் டீக்கடையில என்னைய ஒங்க எடத்துல உக்கார வச்சு அப்பா எல்லா விதமாவும் பேசிப் பாத்தாவ, நீங்க இப்படிச் சொல்லுவீங்கன்னு மட்டும் எங்களுக்குத் தோணவே இல்ல."