பிரென் துப்பாக்கி தூக்கும் மகனைப் பற்றி மைத்துனருக்கு

சிராங்கூன் ரோடு,
சிங்கப்பூர்,
ஏப்ரல் 1965.

மலாக்காவில் இருக்கும் என் மதிப்பிற்குரிய மைத்துனர் கோவிந்தசாமி அவர்களுக்கு, தையற்கடை செல்லக்கண்ணு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. அங்கே தாங்களும் வீட்டிலுள்ளோரும் குறைவில்லாமல் இருக்க முருகன் துணை. இங்கே யாவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். தங்கள் தங்கை சந்திரமதி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "பிள்ளை காட்டுல கெடக்குறான், சுகம்னு எழுதுறீங்களே, கை கூசலையா?" என்று கேட்டுவிட்டாள். ஆகவே அந்த ஒரு வார்த்தையைத் தாங்களே போட்டுக்கொள்ளவும்.

விஷயம் எங்கள் மகன் மாணிக்கத்தைப் பற்றியது. கப்பல் கம்பெனியில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்த பிள்ளை, இந்தோனேசியாவோடு சண்டை மூண்டதும் பட்டாளத்தில் சேர்ந்ததும், தாங்கள் உடனே "சிங்கக்குட்டி" என்று தந்தி கொடுத்ததும் தெரிந்ததே. அந்தத் தந்தியை அவன் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறான். அதனால்தான் தங்களை விட்டால் எனக்கு வேறு வழியில்லை. நான் எதைச் சொன்னாலும், "உங்களுக்கு ராணுவம் தெரியாதுப்பா" என்கிறான். எனக்கா தெரியாது? எங்கள் தேக்கா வட்டாரத்தில் பாதி ஆண்பிள்ளைகளுக்குக் கால்சட்டை தைத்தவன் நான். அவனுக்குக் கொடுத்த பச்சைக் கால்சட்டையில் இன்னொரு மாணிக்கமும் குடியிருக்கலாம், அவ்வளவு தொளதொளப்பு. பெற்ற மனம் கேட்குமா? பிரித்து, வெட்டி, இப்போதைய பையன்கள் போடுகிறார்களே, அப்படிக் காலோடு ஒட்டி அழகாகத் தைத்துக் கொடுத்தேன். மறுநாள் மண்டி போட்டுச் சுடும் பயிற்சியாம். பிள்ளை மண்டி போட்டானாம், பின்பக்கம் டர்ரென்று கிழிந்ததாம், குண்டு சத்தம் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் குப்புறப் படுத்துவிட்டார்களாம். அதற்குப் போய்ச் சார்ஜென்ட் அவனை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டாராம், அதுவும் அதே கால்சட்டையோடு.

அதோடு விட்டதா என்றால் இல்லை. போன மாதம் அவனுடைய பட்டாளத்தை ஜொகூர்க் காட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நான் பஸ் பிடித்து முகாம் வாசலுக்கே போனேன். காவலுக்கு நின்றதும் நம்ம தமிழ்ப் பிள்ளைதான். "மாணிக்கத்தைப் பாக்கணும்பா" என்றேன்.

"எந்தக் கம்பெனிங்கய்யா?"

"முன்ன கப்பல் கம்பெனி. அதை விட்டுட்டு இப்ப இங்கதான் இருக்கான்."

"அதில்லைங்கய்யா. ஏ கம்பெனியா, பி கம்பெனியா?"

"எதுவா இருந்தா என்னப்பா, மேனேஜர் இருப்பாருல்ல, அவரைக் கூப்பிடு. நான் பேசிக்கிறேன்."

நல்ல பிள்ளை, சிரிக்காமல் விளக்கினான். பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு செக்‌ஷன், மூன்று செக்‌ஷன் ஒரு பிளட்டூன், மூன்று பிளட்டூன் ஒரு கம்பெனி, எல்லாக் கம்பெனியும் சேர்ந்தால் ஒரு பட்டாளம். அதிலே செக்‌ஷனுக்கு ஒரே ஒரு பிரென் துப்பாக்கி, அதுதான் இருப்பதிலேயே பெரியது, சடசடவென்று சுடுவது. "அதைத் தூக்குறது உங்க மாணிக்கம்தான். நல்ல உடம்புல்ல!" என்று என்னைப் பாராட்டுவதுபோலச் சொன்னான். சந்தையிலிருந்து ஒரு பூசணிக்காய் தூக்கி வரச் சொன்னால் தோள் வலிக்கிறது என்கிற பிள்ளை! எதிராளி முதலில் குறி பார்ப்பது அந்தத் துப்பாக்கிக்காரனைத்தானாம். இதையும் அந்தப் பிள்ளையே சொன்னான், நான் கேட்காமலே. வீட்டுக்கு வந்து முதல் பாதியை மட்டும்தான் தங்கள் தங்கையிடம் சொன்னேன். "ஆளுக்குக் கொஞ்ச தூரம் மாத்தித் தூக்கினா என்னவாம்?" என்று கேட்டாள். மறு பாதியை இன்றுவரை நான் ஒருவனே சுமக்கிறேன்.

காட்டுக்குப் போனபின், டின்னில் அடைத்த சாப்பாடும் பிஸ்கட்டும்தான் என்று எழுதியிருந்தான். இவள் சும்மா இருப்பாளா? நெத்திலிச் சம்பல் கிளறி, டப்பாவில் அடைத்து, பட்டாள லாரி போகிறபோது கொடுத்தனுப்பினாள். காட்டில் சோப்பு வாசனை, எண்ணெய் வாசனைகூட ஆகாதாம், எதிராளி மோப்பம் பிடித்துவிடுவானாம். இவளுடைய சம்பல் டப்பாவைத் திறந்ததும் குன்று முழுக்க மணந்திருக்கிறது. சார்ஜென்ட் ஓடி வந்து, ஒரு வாய் தின்று பார்த்து, இன்னொரு வாய் தின்று, பிறகு மண்ணைத் தோண்டிப் புதைக்கச் சொல்லிவிட்டாராம். தன் சமையலைப் புதைத்துவிட்டார்கள் என்று இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தாள் தங்கள் தங்கை. ஒரு வாய்க்கு இரண்டு வாய் தின்றாரே என்று நான்தான் தேற்றினேன்.

போன வாரம் பிள்ளை லீவில் வந்துவிட்டுப் போனான். கறுத்து, இளைத்து, காலெல்லாம் அட்டை கடித்த தழும்பு. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தான். அதைப் பார்த்து இவள் அழுதாள். கோயிலுக்குப் புறப்பட்டோம். வாசல் இறங்கியதும் "நிறுத்துங்க" என்றான். "கூட்டமா நடக்காதீங்கப்பா. தள்ளித் தள்ளி வாங்க. ஒரே குண்டுல மூணு பேரும் போயிடுவோம்." இப்படியாக சிராங்கூன் ரோட்டில் முன்னால் அவன், பத்தடி தள்ளி நான், அதற்கும் பத்தடி தள்ளித் தேங்காய்த் தட்டோடு தங்கள் தங்கை. பெட்டிக்கடை சேக் தாவூது எட்டிப் பார்த்து, "என்னா செல்லக்கண்ணு, வீட்ல சண்டையா?" என்று கேட்டார். "பழக்கம்" என்றேன். விளையாட்டுக்குச் செய்கிறான் என்றுதான் நானும் நினைத்தேன் மச்சான். ஆனால் அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. கோயில் வாசல் வந்ததும் திரும்பி நின்று, நாங்கள் இருவரும் வந்து சேரும்வரை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் எனக்கு ஊசியில் நூல் கோக்க வரமாட்டேன் என்கிறது.

எனவே தங்களைக் கெஞ்சிக் கேட்பது: பட்டாளத்தை விட்டு வா என்று எழுத வேண்டாம், கேட்கமாட்டான். அந்தப் பிரென் துப்பாக்கியை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, பின்னாலே சமையற்கூடம், சாமான் அடுக்கும் கிட்டங்கி என்று ஏதாவது ஒரு பத்திரமான இடத்துக்கு மாற்றிக் கேட்கும்படி தாய்மாமன் வாயால் ஒரு வார்த்தை எழுதவும். ராணுவம் வயிற்றால்தான் நடக்கிறது என்று யாரோ சொன்னதை, தாங்களே கண்டுபிடித்ததுபோல எழுதினால் உசிதம். பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் சொல்லவும். வடபழனியானோ பத்துமலையானோ, அந்தக் காட்டுக்குப் பக்கத்தில் எந்த முருகன் இருக்கிறாரோ அவர் நம் பிள்ளையைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
செல்லக்கண்ணு

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில், மாணிக்கத்தின் செக்‌ஷனில் இருக்கும் ரவூப் என்கிற பிள்ளை வந்தான். லாரியில் சாமான் ஏற்ற சிங்கப்பூர் வந்தவன், எங்களுக்குச் சேதி சொல்ல இறங்கியிருக்கிறான். சேதி இதுதான். துப்பாக்கிக்காரர்கள் யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. சமையற்கூடத்து லாரிதான் பள்ளத்தில் கவிழ்ந்து, சமையற்காரர், கிட்டங்கிக்காரர் இரண்டு பேரும் காலில் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். பின்னால் இருப்பது பத்திரம் என்று எவன் சொன்னான்? ஆகவே மேலே கேட்டது எதையும் தயவுசெய்து அவனுக்கு எழுத வேண்டாம் என்று போடத்தான் பேனாவை மறுபடி எடுத்தேன். அதற்குள் ரவூப் டீயைக் குடித்து முடித்துவிட்டு மிச்சத்தையும் சொன்னான். "யாருக்கு சமைக்கத் தெரியும்னு சார்ஜென்ட் கேட்டாரு அங்கிள். அந்த நேரம் பாத்து மாணிக்கம் கொசு அடிக்கக் கையைத் தூக்கிட்டான் லா." இப்போது பிரென் ரவூப் தோளில், நம் பிள்ளை கம்பெனி முழுக்க நூறு பேருக்கும் சோறு வடிக்கிறான். இந்த வீட்டில் அவன் வெந்நீர்கூட வைத்ததில்லை. பாவம், அந்த நூறு பேருக்கும் தகப்பன்மார் இருப்பார்கள். மச்சான், தங்கள் கால் பிடித்துக் கேட்கிறேன், இந்தக் கடிதம் கண்டவுடன், ஆண்பிள்ளை என்றால் துப்பாக்கிதான் தூக்க வேண்டும் என்று அவனுக்கு ஒரு தந்தி கொடுக்கவும்.